மூன்று வருஷத் தண்ணீர்

போன வாரம் வேலூரில் ஒரு கூட்டம். "தண்ணீர்ப் பிரச்சினையைச் சந்தையிடம் விடுங்கள், தானாகத் தீரும்" என்று மேடையில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பாட்டில் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பச்சை மலைப் படம், 'சுனைநீர்' என்று எழுத்து. மூடியைத் திருகினேன். குப்பென்று பிளாஸ்டிக் வாடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாடை எனக்குப் பழக்கம். முதல் வேலையில், ஒரு கம்பெனியின் சமூகநலப் பிரிவு ஆளாக, ஜவ்வாது மலையில் ஓர் ஊரில் போர் போட்டு, அந்த உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் சுத்திகரிப்பு மெஷின் கொண்டுபோய் வைத்தவன் நான்தான்; அதன் தண்ணீரிலும் இதே வாடைதான். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊர்க்காரர்கள் அரசாங்கத்துக்கு எழுதாத மனு இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி நினைத்தது, மழைக்கு முன்னால் மெஷின் வந்து இறங்கிவிட்டது. லாபம் பார்க்கத் தெரிந்தவனால்தான் காரியம் ஆகும் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசித் திரிந்தேன். அப்பேர்ப்பட்ட மேதாவி!

அதுவரை ஊருக்கு ஓர் ஊற்றுதான். சித்திரையில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவார்கள். வராதவர்களை வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது சின்னப்பொண்ணு அக்காவின் வேலை. அந்தத் தொண்டைக்குப் பயந்தே வந்துவிடுவார்கள். மெஷின் வந்த வருஷமும் அக்கா கிளம்பினாள். நான்தான் தடுத்தேன்.

"மெஷின் இருக்கச்சொல்ல எதுக்குக்கா மண்ணு வாரினு கெடக்கணும்?"

"இன்னா தம்பி, படிச்சவன் நீ சொல்ற. சரி வுடு" என்று மண்வெட்டியைச் சாத்திவிட்டாள்.

நாலாம் வருஷம் மெஷின் நின்றது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வடிகட்டி, ஆனால் அது கம்பெனியிடம்தான் கிடைக்கும். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அது மூணு வருஷ புராஜெக்ட்பா, முடிஞ்சுபோச்சு. ரிப்போர்ட்ல சக்சஸ்னு போட்டாச்சு. இந்த வருஷம் மரக்கன்னு" என்றார் மேலாளர். மரக்கன்றுக்கும் தண்ணீர் வேண்டுமே ஐயா என்று கேட்க எனக்குத் துப்பில்லை. சம்பளம் வாங்குகிற வாய்.

எல்லோரும் ஊற்றுக்குப் போனோம். மூன்று வருஷச் சேறு, மேலே உண்ணிச்செடிப் புதர். ஊற்றுக்கண் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நாள் முழுக்கத் தோண்டியும் ஈரம் வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை. அங்கேயே நின்று, புராஜெக்ட் முடிந்த கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அக்கா சேற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

"மூணு வருசத்துக்கு மேல எங்களுக்குத் தாகம் எடுக்காதுன்னு யாரு சார் சொன்னது?"

இப்போது அங்கே மெஷின் அறையில் கோழி அடைக்கிறார்கள். தண்ணீருக்கு ஓடைவரை இறங்கி ஏறுகிறார்கள். ஊற்று போனது போனதுதான். அக்கா அன்றுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அப்புறம் ஒருமுறைகூட இல்லை.