அத்தைக்குக் காவல்

நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எனக்கு வீட்டில் ஒரு வேலை கிடைத்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள். உண்மையில் படிப்பதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். நான்கு நிற ஸ்கெட்ச் பேனாக்களால் கால அட்டவணை போட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள், கோடு கோணலாக இருக்கிறதென்று வேறு அட்டையில் முதலிலிருந்து போட்டாள். புத்தகத்தைத் திறந்தால் தாகம் எடுக்கும். தண்ணீர் குடிக்கப் போனால் குடத்தைத் துலக்கத் தோன்றும். மாரண்டஹள்ளிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் கயிறு கட்டும் வேலை வந்தபோது, அதுவரை வரப்பை மிதிக்காதவள் முதல் ஆளாகக் கிளம்பினாள்.

ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தவறியிருந்தாள். "இந்தத் தடவையும் ஆவலன்னா மாப்ள பாத்துர வேண்டியதுதான்" என்று அப்பா சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டார்.

மறுநாள் அத்தை தன் போனை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் கழுத்தில் மாட்டினாள். திருவிழாவில் வாங்கிய என் விசிலைக் காட்டி, "பாப்பா, நான் எந்திரிச்சா இத ஊது. யாரு சொன்னாலும் வுடாத" என்றாள்.

அதிகாரம் கைக்கு வந்ததும் நான் ஆளே மாறிப்போனேன். அவள் கால் மாற்றி உட்கார்ந்தாலும் ஊதினேன். கழிவறைக்குப் போனால் கதவு வரை பின்னாலேயே போய் ஊதினேன். "இது வூடா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

ஆனால் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அத்தை தோற்றால் கல்யாணம். கல்யாணம் என்றால் எனக்குப் பட்டுப் பாவாடை. பத்தாம் நாள் மதியம் அவள் புத்தகத்தின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் ஊதவில்லை. மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் சாய்ந்தபின் விழித்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"நாந்தான் அத்தை ஊதல. உனக்குக் கல்யாணம் ஆனா எனக்குப் பட்டுப் பாவாடை எடுப்பாங்கல்ல, அதான்" என்றேன்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி! போயும் போயும் உன்னையா காவலுக்கு வெச்சேன்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மடிமேல் எடுத்து வைத்தாள். பிறகு, "இனிமே எந்திரிச்சா ஊத வேணாம். ஒரு பக்கம் முடிச்சா ஊது. ஒரே ஒரு பக்கம், அவ்வளவுதான்" என்றாள்.

ஒரு பக்கம் முடிந்தது. ஊதினேன். "சரி, இன்னொன்னு" என்றாள். விளக்கு வைப்பதற்குள் பதினோரு முறை ஊதியிருந்தேன். அடுத்தடுத்த நாட்களில் பக்கத்துக் கொல்லையில் களை எடுத்தவர்கள்கூட விசிலை எண்ண ஆரம்பித்தார்கள். "என்னம்மா, இன்னிக்கு இருவது தாண்டலையா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும். அத்தை வெட்கப்பட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

அத்தை தேறினாள். இப்போது பாலக்கோட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமும் அவள் சரி சொன்ன நாளில், அவளுக்குப் பிடித்தவரோடு நடந்தது.

எனக்கு மறக்காமல் இருப்பது தேர்வு முடிந்த மறுநாள் காலை. வேலை முடிந்துவிட்ட சந்தோஷத்தில் நான் விளையாடக் கிளம்பினேன். அத்தையோ அதே மூலையில் சம்மணமிட்டு, வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். பாவம், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அத்தை, பரீட்சதான் நேத்தே முடிஞ்சிருச்சே!" என்று கத்தினேன்.

"தெரியும் பாப்பா, நீ போ" என்றாள், தலை நிமிராமல்.

யாரும் காவல் இல்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை; இருந்தும் ஒருத்தி உட்கார்ந்து படிக்கிறாள். படித்துப் படித்து அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.