ஏழு பேர் வாங்கிய சண்டை

காசு கட்டிச் சண்டை பார்ப்பவனை நான் மனுஷனாகவே மதித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் எனக்கு டெக்னீஷியன் வேலை. லீவு நாளில் ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட் முழுக்க டிவி பாக்ஸ் மாட்டிக் கொடுப்பேன். பாக்ஸ் இருந்தால் உலகத்துச் சண்டையெல்லாம் சும்மா வரும். பாக்சிங், கூண்டுச் சண்டை, எது வேண்டுமானாலும். இதற்கு நான் கூலி வாங்கியதில்லை. ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தால் போதும். "அண்ணன் கை வச்சா படம் வராம இருக்காது" என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. "ஒரு சண்டை பாக்க அம்பது வெள்ளி கட்டுனியா, மண்டையில என்ன வச்சிருக்க?" என்று பேக்டரி கேண்டீனில் எத்தனையோ பேர் மானத்தை வாங்கியிருக்கிறேன்.

அப்படி இருந்தவனுடைய சொந்தத் தம்பிதான் கூண்டுக்குள் இறங்கினான்.

அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டினான். ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே பக்கத்தில் ஒரு ஜிம்மில் பயிற்சி. எட்டு வருஷம் இதே பிழைப்பு. இரண்டு தடவை மூக்கு உடைந்தது. அந்த மூக்கைப் பார்த்துவிட்டே ஒரு பெண் வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சின்னச் சின்ன மேடைகளில் ஜெயித்து ஜெயித்து, ஒரு வழியாகக் கோலாலம்பூரில் பெரிய சண்டைக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இணையத்தில் நேரடி ஒளிபரப்பு. பார்க்க முப்பது வெள்ளி.

சண்டைக்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தான். உடம்பு எடை இறங்க வேண்டுமாம். என் மனைவி அவனுக்காக வைத்த மீன் கறியைத் தொடவே இல்லை. அவித்த முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கி வைத்துத் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே, வாங்குறப்ப யாருக்காக வாங்குறீங்கன்னு கேக்கும். அதுல என் பேரை அமுக்கணும். என் பேருல நூறு பேராவது வாங்குனா ரெண்டு வருஷம் கான்ட்ரெக்ட் தர்றேங்குறாங்க. ஜெயிக்கிறது மட்டும் பத்தாதாம்."

"கெடச்சா?"

"கிடங்கு வேலைய விட்டுருவேன். மாசாமாசம் குடுப்பாங்க. கெடைக்கலன்னா இதோட சரிண்ணே. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு ரெண்டையும் பாக்குறது?"

"நூறு பேருதானே?" என்றேன். "நம்ம சர்ச்சு பூசைக்கு வர்ற கூட்டமே அதுக்கு மேல இருக்கும். கவலைய விடு லா, அண்ணன் பாத்துக்குறேன்."

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் மனசாரத்தான் சொன்னேன்.

சர்ச்சு குரூப், பிளாட் குரூப், பேக்டரி குரூப் என்று போனில் எனக்கு மூன்று பெரிய குரூப். மூன்றிலும் போட்டேன்: என் தம்பி சண்டை போடுகிறான், எல்லாரும் பார்க்க வேண்டும். கைதட்டல் குவிந்தது. ஆனால் ஒருத்தர் விடாமல் அடுத்ததாகக் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, லிங்க் எப்ப வரும்?" லிங்க் என்றால் சும்மா பார்க்கிற லிங்க். என்னிடம் வேறு எதைக் கேட்பார்கள்? அப்படிப் பழக்கி வைத்தவனே நான்தானே.

இந்தத் தடவை மட்டும் வாங்கிப் பாருங்கள் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். வெட்கம். காசு கட்டுகிறவனை ஊரறியக் கிண்டல் செய்தவன், தன் வீட்டு ஆள் என்றதும் கட்டச் சொல்கிறான் என்று கேண்டீனில் பேசுவார்கள் அல்லவா? அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். முதலில் எல்லாரும் அவனைப் பார்க்கட்டும், பிடித்துப்போனால் வாங்க நினைக்கிறவர்கள் வாங்குவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தம்பியும் தினம் ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். முதல் இரண்டைப் பார்த்தேன். பிறகு திறப்பதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை தொடங்குவதற்கு முன்னாலேயே சர்ச்சு வாசலில் நின்று லிங்க்கைத் தேடிப் பிடித்து மூன்று குரூப்பிலும் போட்டேன். உள்ளே போய் முழங்காலிட்டு அவன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டினேன். இரண்டையும் ஒரே நாளில் செய்தவன் நான்.

மத்தியானம் எங்கள் ஹாலில் கால் வைக்க இடமில்லை. மனைவி இரண்டு சட்டி பிரியாணி போட்டிருந்தாள். தம்பி நடந்து வரும்போது அவன் முகத்தின் மேலேயே சூதாட்ட விளம்பரம் ஒன்று வந்து நின்றது. அதை மூடுவதற்குள் முதல் ரவுண்டில் பாதி போய்விட்டது. இரண்டாம் ரவுண்டில் எதிராளி முழங்கை அவன் நெற்றியில் பட்டுப் புருவம் கிழிந்தது. அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. கண்ணெல்லாம் ரத்தமாக அவன் அப்படியே நிற்கிறான், வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். படம் மறுபடி ஓடியபோது அவன் கீழே கிடந்தான், மற்றவன் மேலே உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தான். அந்த நேரம் பயிற்சியாளரிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. ஜெயிச்சாச்சு. சும்மா வருகிற படம் அவ்வளவு பிந்தி வரும். விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆட்டம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் புரண்டு எழுந்து மற்றவன் கழுத்தைப் பிடித்தான், ஹாலே அதிர்ந்தது. "அண்ணனாலதான் பாத்தோம்" என்று ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். நான் சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி நின்றேன்.

சாயந்திரம் தம்பி கூப்பிட்டான். குரல் வீங்கிய வாயிலிருந்து வந்தது.

"பாத்தியாண்ணே? படம் தெளிவா இருந்துச்சா?"

"கண்ணாடி கணக்கா இருந்துச்சு. ஓன் வேர்வைகூடத் தெரிஞ்சுச்சு."

"சரிண்ணே" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான். புருவத்தில் தையல், ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. என் மனைவி மீன் கறி ஊற்றினாள், இந்தத் தடவை சாப்பிட்டான். அவனாக எதுவும் சொல்லவில்லை. நான்தான் கான்ட்ரெக்ட் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஒரு கையால் போனை எடுத்து என் பக்கம் தள்ளினான். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய பட்டியல்.

"என் பேருல ஏழு பேருண்ணே."

என் லிங்க் கையோடு கை மாறிப் பிறை வரைக்கும் போய், அவன் கிடங்கு ஆட்களே அதில்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. அவனுக்கும் விழுந்திருக்கும்.

"ஏழுல ஆறு பேருதான் தொறந்து பாத்திருக்காங்க" என்றான். "ஒரு ஆள் பாக்கவே இல்ல."

குற்றம் செய்தவனுக்குக் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் கிடைத்துவிட்டான். "எந்த மடையன்டா அது?" என்று தட்டு அதிர மேசையைக் குத்தினேன். "காசையும் கட்டிட்டு, ஒரு மனுஷன் ரத்தம் சிந்துறத என்னன்னுகூடப் பாக்காம கெடந்தவன் எவன்?"

தம்பி திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான்.

"தெரியலண்ணே" என்றான்.

மறுநாள் காலை பேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து, அடைந்து கிடந்த பழைய மெசேஜ்களை அழித்துக்கொண்டு வந்தேன். லிங்க் கேட்டவர்கள், நன்றி சொன்னவர்கள், அவ்வளவும் குப்பை. நடுவில் தம்பி அனுப்பிய விளம்பரங்கள். கடைசியாக சனிக்கிழமை அனுப்பியதை மட்டும் அழிக்காமல் திறந்தேன். அது விளம்பரம் இல்லை.

"அண்ணே, எனக்காக நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்னு அண்ணி சொன்னாங்க. நீ காசு கட்டாத. ஒனக்கு நானே வாங்கிட்டேன், கீழ உள்ளத அமுக்குனா போதும். பாக்ஸுல பாத்தா படம் நின்னு நின்னு வரும். நீ என்னைய நல்லா பாக்கணும்."

அமுக்கிப் பார்த்தேன். பார்க்கும் காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. பஸ் பேக்டரி வாசலில் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். மடையன் எவன் என்று முந்தின நாள் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். தெரியலண்ணே என்று சொல்லிவிட்டு, அவன் என் மனைவியிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் பிறைக்குப் போனான்.