மாமியின் கணக்கில் ஐந்து முகங்கள்

போன் கடை வைத்திருப்பவன் தான் விற்ற பொருளோடு சேர்ந்து தானும் விலைபோய்விடுகிறான். அதற்குப் பிறகு ஊரில் எந்த டீவி படம் காட்டாமல் சுற்றிக்கொண்டு நின்றாலும் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். கல்முனை பஸாரில் பத்து வருடமாக இந்தத் தொழிலில் கிடக்கிறேன். முன்பு போன் கண்ணாடி மாற்றுவேன், போனுக்குக் காசு ஏற்ற ரீலோட் போடுவேன், நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். இணையத்தில் படம் பார்க்கும் சந்தாக்கள் வந்தன, நிம்மதி போனது. என்னைப் போலவே அடுத்தவர் மறந்த பாஸ்வேர்டைத் தேடிக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவர்கள் இதை வாசித்தால் அழ வேண்டாம், சிரித்துவிட்டுப் போங்கள்.

கொம்பு வைத்த பிள்ளை

சாய்ந்தமருது சுபைதா மாமிக்கு மூன்று மகன்மார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பதுதான் வழக்கம். அப்படி மூத்தவர் ரிஸ்வான் மருதமுனைக்கும், அடுத்தவர் பர்ஹான் சம்மாந்துறைக்கும் போயாகிவிட்டது. மாமா மௌத்தாகி அடக்கப்பட்ட பிறகு கடைசி மகன் நப்ரிஸ் மட்டும் உம்மாவோடு இருந்தார். மாமி டீவி வாங்க வந்த அன்று, ஒரே சந்தாவில் ஐந்து பேருக்குத் தனித்தனிப் பக்கம் திறக்கலாம், ஆளுக்கொரு முகப்படம் வைக்கலாம், வேறு வேறு ஊரில் இருந்தும் பார்க்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

மாமிக்கு அது பிடித்துவிட்டது. தனக்கொன்று, மகன்மாருக்கு மூன்று, அதுவும் பிறந்த வரிசைப்படி. ஐந்தாவது இடம் சும்மா கிடந்தது. வீணாகப் போகக் கூடாதே என்று, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக மாட்டியிருந்த டீவிக்கு அதை எடுத்து, ‘கடை’ என்று பெயரும் போட்டுக்கொண்டேன். மாமியிடம் சொல்ல மறந்துவிட்டேன். இந்த மறதி நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு, நீங்களும் கொஞ்சம் தலையைக் குனியுங்கள். ரிஸ்வானுக்கு அந்த ‘அப்’ செயலி தானாகக் கொடுத்த முகத்தில் கடுகளவு இரண்டு கொம்பு இருந்தது. என் கையில் இருந்த போனில் அதை நானே கவனிக்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மாமி கண்டுபிடித்துவிட்டார்.

“சின்னதில கொழப்படிதான் மகன், ஆனா கொம்பு முளைக்கிற அளவுக்கு அவன் ஒண்டும் செய்யல்ல.”

அதிபரும் கரடியும்

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் சந்தா எடுத்தார். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், கண்ட கண்டதெல்லாம் திரையில் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சிறுவர் பக்கத்தைப் போட்டுப் பூட்டி, பூட்டைத் திறக்கும் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். விடுமுறை முடிந்து பிள்ளைகள் பொத்துவிலுக்குப் போய்விட்டார்கள். அதிபர் துண்டைத் தொலைத்துவிட்டார். என்னிடம் வந்து கேட்க வெட்கம். அதனால் இரண்டு மாதமாக, காட்டில் வழிதவறிய ஒரு நீலக் கரடியைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

கடைசியில் கடைக்கு வந்தார். நான் பூட்டைத் திறந்து செய்தி, விவரணப் படம், பழைய படம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக் காட்டினேன். மனிதர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாம் இரிக்கட்டும் தம்பி. கரடி கடைசியில தாய்ட்டப் போய்ச் சேருதா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க.”

மாப்பிள்ளையின் பாதிப் படங்கள்

நிந்தவூரில் பெரிய வயல்காரரான மஜீத் போடியார் தன் மகளுக்குக் கட்டிய புது வீட்டுக்கு டீவி பார்க்க வந்தார். நான் கடை டீவியைப் போட்டேன். மாமியின் ஐந்து முகங்களும் பெயரோடு வந்து நின்றன. அந்த மகளுக்குத்தான் நம் நப்ரிஸைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ரிமோட் போடியாரின் கையில் இருந்தது. நான் கவுண்டரைச் சுற்றி ஓடிவருவதற்குள் அவர் நப்ரிஸின் முகத்தில் அழுத்திவிட்டார்.

பார்க்கக் கூடாத எதுவும் அங்கே இருக்கவில்லை. இருந்தது ‘தொடர்ந்து பார்க்க’ என்ற வரிசை. அதில் பன்னிரண்டு படங்கள், எல்லாமே பாதியில் நின்றன. ஆயிரம் ஏக்கர் வெள்ளாமையில் பூச்சி விழுந்ததைப் பார்ப்பது போலப் போடியார் அதைப் பார்த்தார். டீவி வாங்காமலே எழுந்தார்.

“பன்ரெண்டு தொடங்கி ஒண்டயும் முடிக்கல்ல. இவர நம்பி வயலக் குடுத்தா, விதைச்சிப்போட்டு வெட்டாம வந்திருவார்.”

டீவி சொன்ன வார்த்தை

நான் வைத்த வேட்டு என்பதால் நானே போய் நப்ரிஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பத்து நாள் டீவி முன்னால் குந்தி, பன்னிரண்டு படத்தையும் பெயர் ஓடி முடியும்வரை பார்த்துத் தீர்த்தார். மாமி பக்கத்தில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். போடியார் மறுபடி கடைக்கு வந்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தார். நப்ரிஸும் நிந்தவூருக்குப் போனார். மூன்று மகன்மாரும் மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடக் கூடிய தூரத்தில்தான் இருந்தார்கள். ஆனால் பெருநாளைக்குப் பெருநாள்தான் வந்தார்கள். வேலை, பிள்ளை, வெள்ளாமை, எல்லோருக்கும் காரணம் இருந்தது. மாமி வீட்டில் மிச்சம் இருந்தவை திரையில் தெரியும் முகங்கள்தான்.

அந்த நேரம் பார்த்து நிறுவனம் சட்டத்தை மாற்றியது. ஒரு சந்தா ஒரு வீட்டுக்கு மட்டும். வெளியே இருக்கிறவர் மாதம் ஒருமுறை அந்த வீட்டு வைஃபையில் போனை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால், கணக்குக்காரரின் போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் டீவியில் அடிக்க வேண்டும். சம்மாந்துறையில் பர்ஹானின் மாமனார், மாமியார், மச்சான்மார் எல்லோரும் படம் பார்க்கக் கூடியிருந்த நேரத்தில் டீவி இதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறது. மனைவியின் தங்கை அதைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்திருக்கிறாள். மறுநாள் பர்ஹான் முகம் கறுத்துக் கடைக்கு வந்து, மூத்த அண்ணனிடம் முறையிடுவது போல என்னிடம் சொன்னார்.

“ஏழு வருசம் அந்த வீட்டில இருக்கன் காக்கா. எல்லாரும் பாத்திட்டிருக்கக்குள்ள டீவி சொல்லுது, நான் இந்த வீட்டு ஆள் இல்லயாம்.”

நாலும் ஒன்பதும்

சுலபமான வழியைத்தான் நான் மூவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். உம்மாவுக்குப் போன் எடுங்கள், ஆறு இலக்கத்தைக் கேளுங்கள், அடியுங்கள். எடுத்தார்கள். மாமி வாசித்தார், பிழை. மறுபடி வாசித்தார், ஒரு இலக்கம் குறைவு. மூன்றாம் முறை கண்ணாடியைத் தேடப் போனவர் திரும்பி வருவதற்குள் பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது. மூன்று மகன்மாருக்கும் இதே கதிதான். வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு மூவரும் போனைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்தார்கள். அங்கே நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு நிறைய நெய்ச்சோறும் மாட்டிறைச்சி ஆணமும் தயாராக இருந்தன. வருவதாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ரிஸ்வான் கடைக்கு வந்தார். கணக்கில் உள்ள நம்பரைத் தன்னுடைய நம்பராக மாற்றிவிடச் சொன்னார். உம்மாவை ஒருமுறை கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

“நாலயும் ஒம்பதயும் பிரிக்க ஏலாத நிலையில இரிக்கா காக்கா, எங்கட உம்மா.”

மேல்தட்டில் இருந்த பெட்டி

நம்பரை மாற்ற மாமியின் போன் வேண்டும். சொல்லி அனுப்பினேன், மாமியே வந்தார். வந்தவர் எனக்குப் பின்னால் மேல்தட்டில் இருந்த சார்ஜர் பெட்டியைப் பார்த்து, அதில் உத்தரவாதம் ஆறு மாதம் என்றிருக்க, போன தடவை ஏன் மூன்று மாதம் என்றீர்கள் என்று கேட்டார். கண்ணாடி போட்ட நான் ஸ்டூலில் ஏறி, பெட்டியை மூக்கருகில் பிடித்துப் பார்த்தேன். ஆறு மாதம்தான். ஸ்டூலில் நின்றபடியே எனக்கு அந்தக் கொம்பு ஞாபகம் வந்தது. இறங்கி, நாலுக்கும் ஒன்பதுக்கும் என்ன நடந்தது மாமி என்றேன்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டார். போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “பெருநாளைக்கு மட்டும் வந்த புள்ளயள் மகன். இப்ப மாசத்தில ஒரு வெள்ளி மூணு பேரும் ஒரே சஹன்ல குந்தித் தின்றானுகள். நம்பர் என்ட போன்லயே இரிக்கட்டும்” என்றார். அவர் முன்னாலேயே ரிஸ்வானுக்குப் போன் எடுத்து, நம்பரை மாற்ற நிறுவனம் விடுகிறதில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். மாமி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். படியில் இறங்கும்போது, சட்டம் மாறிய நாளில் இருந்து கறுத்துக் கிடந்த என் கடை டீவியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஐஞ்சாவது முகம் ஆரெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். வாற வெள்ளி நீங்களும் போனத் தூக்கிட்டு வாங்க மகன், சஹன்ல எடம் இரிக்கி.”

ஒரு சந்தாவை வைத்து என்னென்ன பார்க்கலாம் என்று இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும்போது, ஒரு சஹனைச் சுற்றிக் குனிந்திருக்கும் எங்கள் நான்கு தலைகளை மாமி கதவோரம் நின்று பார்ப்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது, ஆனால் ரிஸ்வான் காதுக்குப் போனால் என் நெய்ச்சோறும் சேர்ந்து போய்விடும் என்பதால், படம், நாடகம், கிரிக்கெட் என்று மூன்றை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.