நெடுந்தீவுப் புள்ளிக்குக் கோடு தேடிய இரண்டு நாள்கள்

சென்ற மாசி மாதத்தின் நடுவில், ஒரு புதன்கிழமையும் அதையடுத்த வியாழனும், யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குள் சென்று வந்தேன். குதிரைகளையும் கோட்டையையும் காண்பதற்காக அன்று. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். என் மனைவியின் தங்கை கௌசல்யா, தீவகத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு கூடி உழைக்கின்றன என்று ஆராய்பவர். ஆய்வை முடிக்க அவருக்கு இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. படிவப் பையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன்.

அவருடைய முறைக்கு உறவுவலைப் பகுப்பாய்வு என்று பெயர். அஞ்சற்க, எளியதுதான். ஒவ்வொரு நிலையமும் தாளில் ஒரு புள்ளி. "கருவியோ, ஆளோ, அறிவோ தேவைப்பட்டால் யாரை நாடுகின்றீர்கள்?" என்று வினவுவர். சொல்லப்பட்டவரை நோக்கி ஒரு கோடு. கோடுகள் செறிந்த இடத்தில் கூட்டுழைப்பு உண்டு. கோடே இல்லாத புள்ளி தனித்துக் கிடக்கிறது. அஞ்சல்வழி வந்த முதற்சுற்றுப் படிவங்களைக் கொண்டு கௌசல்யா வரைந்த படத்தில் ஒரு புள்ளி அப்படிக் கிடந்தது. நெடுந்தீவின் படகு இயந்திரத் திருத்த வகுப்பு. படிவம் வெறுமையாகத் திரும்பியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில் கூடவிருந்த குழு, அந்தப் படத்தைப் பார்த்தே அவ்வகுப்பை ஊர்காவற்றுறைக்கு மாற்றுவதா என்று முடிவு செய்யும். ஆகவே நெடுந்தீவுக்கும் அயல் நிலையங்கள் இரண்டுக்கும் நேரிற் சென்று மீண்டும் கேட்கப் புறப்பட்டோம்.

புதன் காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினோம். ஊர்காவற்றுறைக்கு ஒருவருக்கு 130 ரூபாய். ஒரு மணியும் பத்து நிமிடமும். பண்ணைக் கடலை ஊடறுக்கும் பாதையில் இடப்பக்க இருக்கை நல்லது. வெயில் முதுகுக்குப் போய்விடும்.

ஊர்காவற்றுறையில் இரும்பை உருக்கி ஒட்டப் பயிற்றுவிக்கும் ஆசிரியர், ஐம்பதை எட்டியவர், பொறிபட்டுப் பொத்தல் விழுந்த சட்டையோடு வந்து படிவத்தை நீட்டினார். ஒன்பது வரிகளும் நிரம்பியிருந்தன. ஒன்பதும் அதிகாரிகளின் பெயர்கள்.

"மாஸ்ரர், இவையள் எல்லாரும் வந்து உங்களுக்கு உதவுறவையோ?" என்றார் கௌசல்யா.

"இவையளோ? வருசத்துக்கு ஒருக்கா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவினம்."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

"பிள்ளை, ஃபோம் எண்டா பெரிய ஆக்களின்ர பேர்தானே எழுதவேணும்? குசினிக்குள்ள ஆர் தேங்காய் திருவினது எண்டு கந்தோருக்கு எழுதி அனுப்பிறதே?"

நெடுந்தீவோடு தொடர்பு உண்டா என்று கேட்டதற்கு, "கதைக்கிறனாங்கள்தான்" என்று மழுப்பினார். பிறகு அவரே குரலைத் தாழ்த்தினார். "அந்த வகுப்பை இஞ்ச கொண்டுவரப் போயினமாமே. வரட்டும், இடம் கிடக்கு. ஆனா அந்தப் பொம்பிளைப் பிள்ளையள் எந்தப் போட்டில வந்து எந்தப் போட்டில திரும்புறது?"

நானே கணக்கிட்டுப் பார்த்தேன். காலை ஏழு மணிப் படகில் நெடுந்தீவை விட்டால் எட்டேகாலுக்குக் குறிகட்டுவான் துறை. இரண்டு பேருந்து மாறி ஊர்காவற்றுறை சேரப் பத்து ஆகும். மாலைப் படகைப் பிடிக்க இரண்டு மணிக்கே புறப்படவேண்டும். நான்கு மணி நேரப் பாடத்துக்கு ஆறு மணி நேரப் பயணம். மாற்றம் என்று தாளில் எழுதப்படுவது, அப்பிள்ளைகளுக்கு மூடல்.

முச்சக்கரவண்டி ஒன்றை 3500 ரூபாய்க்குப் பேசி, வேலணை, புங்குடுதீவு ஊடாக ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடிக் குறிகட்டுவானை அடைந்தோம். அங்கிருந்து நயினாதீவு இருபது நிமிடக் கடல். இறங்குதுறையிலிருந்து நடக்கும் தூரத்தில் தையற் பயிற்சி நிலையம். ஆசிரியை படிவத்தை வாங்கி, தையல் இயந்திரத்தின்மேல் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"உதவி எண்டா எங்களுக்கு அம்மாள்தான். அவவின்ர பேரைப் போடட்டோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கௌசல்யாவும் சிரித்தார். படிவம் அப்படியே திரும்பியது. திரும்பும் படகில் அவர் படிவங்களை மடியில் விரித்துப் பார்த்தார். ஓரிடத்தில் அதிகாரிகள், ஓரிடத்தில் அம்மன், ஓரிடத்தில் வெறுமை. இதைக்கொண்டு எந்தப் படத்தை வரைவது?

வியாழன் காலை மீண்டும் குறிகட்டுவான். யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்து ஒன்றரை மணி நேரம். நெடுந்தீவுப் படகு எட்டரைக்குப் புறப்பட்டு ஒன்பது நாற்பதுக்குச் சேர்ந்தது. ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். உள்ளே இருந்தால் புகை, மேலே இருந்தால் வெயில். நான் வெயிலைத் தேர்ந்தேன். பவளப்பாறையான முருகைக்கல் மதில்களுக்கிடையே பதினைந்து நிமிடம் நடந்தால், தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை. அதுதான் வகுப்பு. பதினொரு மாணவர், அவர்களுள் நால்வர் பெண்கள்.

நான் பல கல்விக்கூடங்களைக் கண்டவன். இதைப் போன்ற ஒரு வகுப்பைக் கண்டதில்லை. ஆசிரியை நாற்பது அகவையினர். இயந்திரத்தை ஓடவிட்டு, அனைவரையும் கண்களை மூடச் சொன்னார். என்ன பழுது என்பதைச் செவியால் அறியவேண்டும்.

"எண்ணெய் காணாது, அக்கா" என்றான் ஒருவன்.

"உமக்குக் காது கேக்காட்டி மூக்காலயாவது மணந்து பாரும்."

கண்களைத் திறவாமலே ஒரு பெண் சொன்னாள்: "ரெண்டு பிளக்கில ஒண்டு நெருப்பு விடேல்லை." கழற்றிப் பார்த்தார்கள். உண்மை. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் ஓர் உயிருக்கு என்ன விலை என்பதை அறிந்த ஊர் இது. அந்த விலையை அறிந்த கற்பித்தல் அது. இந்தக் கொட்டகையையா தனித்த புள்ளி என்று ஒரு தாள் சொன்னது?

இடைவேளையில் கௌசல்யா படிவத்தை எடுத்தார். "அக்கா, ஆரோட சேர்ந்து வேலை செய்யிறீங்கள் எண்டு நாலு பேரையாவது சொன்னாத்தான் இந்த வகுப்பை இஞ்ச வச்சிருக்கலாம்."

ஆசிரியை கைகளைத் துணியில் துடைத்தார். "தெரியும், தங்கச்சி. ஆனா பேர் எழுதித் தரமாட்டன்."

"இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"அந்தச் சண்டைக் காலத்திலயும் அப்பிடித்தான் சொன்னவை. ஒரு கடதாசியில பேர் இருந்தது எண்டதுக்காக எங்கட வீட்டில ஒரு ஆள் திரும்பி வரேல்லை. எழுதிக் குடுத்தவர் கெட்ட ஆளில்லை. கேட்டினம், எழுதினார்." சற்று நிறுத்தினார். "வகுப்பு போனாப் போகட்டும். என்னால ஒருத்தரின்ர பேர் ஒரு கடதாசிக்குப் போகாது."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கௌசல்யா என் முழங்கையை அழுத்தி, "அத்தான், பேசாம இருங்கோ" என்றார். நல்ல வேளை. அந்த இடத்தில் எந்தச் சொல்லும் பழுதாகவே விழுந்திருக்கும்.

கௌசல்யா படிவத்தைப் பைக்குள் வைத்தார். எழுந்து கொட்டகையைச் சுற்றி நடந்தார். இயந்திரம் பூட்டியிருந்த இரும்புத் தாங்கியில் கை வைத்தார்.

"அக்கா, இது எங்கத்தையான்?"

"ஊர்காவற்றுறை. அங்க ஒட்டிக் குடுத்தது. அளவை நைலோன் நூலில முடிச்சாக் கட்டிப் போட்டில அனுப்பினனாங்கள்."

"உந்த வெட்டின எஞ்சின்?"

"அனலைதீவு. கடலுக்குள்ள தாண்டு, தண்ணி ஏறிக் கெட்டது. உள்ளுக்குள்ள பாத்துப் படிக்கட்டும் எண்டு தந்தவை."

"மூடியிருக்கிற துணி?"

"நயினாதீவில தைச்சது. அதுக்குப் பதிலா, அங்கத்தைத் தையல் மெசின் மோட்டர் பழுதானா இஞ்சத்தைப் பிள்ளையள் திருத்திக் குடுக்கிறது. அந்தா, ரெண்டு கிடக்கு. நாளைக்குப் போகவேணும்."

மனிதரைக் கேட்டபோது பூட்டிய வாய், பொருளைக் கேட்டபோது தாராளமாகத் திறந்தது. பயிற்சிக்கு வந்த கருவி, போன கருவி, பாடம் சொல்ல ஓர் ஊரிலிருந்து வந்து சென்ற ஆள், அனைத்தையும் ஊர்ப்பெயரோடு மட்டும் கௌசல்யா குறித்தார். ஒரு மணி நேரத்தில் பதினேழு கோடுகள். நெடுந்தீவுப் புள்ளி, அவருடைய படத்திலேயே மிகச் செறிந்த புள்ளியாயிற்று. பழைய படத்தை அவர் தம் கையாலேயே குறுக்கே கோடிட்டு அடித்தார். "பிழை என்ர கேள்வியில, அத்தான்" என்றார். எத்தனை ஆய்வாளர் இதைச் சொல்வர்?

புதிய படத்தை ஆசிரியை இருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இதில ஒருத்தரின்ர பேரும் இல்லைத்தானே?"

"இல்லை, அக்கா."

"அப்ப கொண்டு போம்."

இனி, போக விரும்புவோருக்குச் சில செய்திகள். படகு நேரங்களை முதல்நாளே குறிகட்டுவானில் கேட்டு உறுதி செய்யுங்கள். காற்று மாறினால் நேரமும் மாறும். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கடுமை. மாசியும் பங்குனியும் நல்லவை. நெடுந்தீவில் முச்சக்கரவண்டி மூன்று மணி நேரத்துக்கு 3000 ரூபாய் கேட்டார்கள். குறைக்கப் பேரம் பேசவேண்டாம், எரிபொருளும் கடல் கடந்தே வருகிறது. மதிய உணவை இறங்கியவுடன் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்க.

செவ்வாய்க்கிழமை கௌசல்யாவைக் கூட்டத்துக்கு நானே அழைத்துச் சென்றேன். வெளித் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். பத்து மணிக்கு உள்ளே போனவர் பதினொன்றுக்கு வெளியே வந்து, நெடுந்தீவை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். கோடுகளை எல்லாரும் வியந்தார்களாம். ஆனால் பெயரில்லாத கோட்டை எவ்வாறு நம்புவது, பொறுப்பேற்க ஒருவராவது வேண்டும் என்று தலைவர் சொன்னாராம்.

"அக்கா, பேர் இல்லாட்டி ஏலாதாம்" என்றார் கௌசல்யா. மறுமுனையில் இயந்திரம் ஓடும் ஓசை எனக்கும் கேட்டது. பிறகு அது நின்றது. 

"என்ர பேரை எழுதும். முழுப்பேராய் எழுதும். மற்றவையின்ர வேண்டாம். சந்தேகம் எண்டா என்னட்ட வந்து கேக்கட்டும்."

கௌசல்யா படத்தின் அடியில் அப்பெயரை எழுதி உள்ளே கொண்டு போனார். வகுப்பு நெடுந்தீவிலேயே தொடரும் என்று அன்றே முடிவாயிற்று. இக்கட்டுரையிலும் தீவு மக்களுள் அவர் இசைவு தந்த அந்த ஒரு பெயரையே எழுதுகிறேன்: சிவசம்பு தவமலர்.

தீவுகளுக்குப் போகின்றவர்களே, அங்கே எவருடைய பெயரையும் முதலிற் கேளாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.