மணிக்கு எம்புட்டு?

லீவில் வந்து இறங்கிய மறுநாள் மதுரை அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். என் பையில் விமானக் கம்பெனிச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அது போதும் நம் ஊருக்கு. இரண்டாவது கியர் விழுவதற்குள் எந்த நாடு, என்ன வேலை என்று டிரைவர் கேட்டு முடித்துவிட்டார். "போலந்துல பர்னஸ் ஓட்டுறேன். இரும்பைக் காய வச்சு எண்ணெயில முக்கி உரமேத்துற மிசினு" என்றேன். உடனே அடுத்தது வந்தது. "எம்புட்டுண்ணே சம்பளம்?" ஆட்டோவில் இருந்த ஐந்து பேரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஏதோ வருதுண்ணே" என்று இழுத்தேன். மடியில் பூக்கூடை வைத்திருந்த அம்மா விடவில்லை. "சொன்னா நாங்க என்ன புடுங்கிக்கிருவமாக்கும்?"

நாற்பத்தாறு வயதுவரை இந்த ஊரிலேயே இருந்தவன் நான். இந்தக் கேள்விக்கு ஒருநாளும் கூசியதில்லை. இதே அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருஷம் பர்னஸ் பார்த்தேன். லாரி பல்சக்கரமும், மேலூர் கல் குவாரிகளுக்குப் போகும் துளைக்கம்பிகளும் என் கையால் சூடேறியவை. கடைசியாக வாங்கிய சம்பளம் பதினெட்டாயிரம், வீட்டு வாடகை ஆறாயிரம். யாருக்கு எவ்வளவு என்று எங்கள் டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் கூட்டித் தா என்று முதலாளியிடம் கேட்கிற பழக்கம் மட்டும் கிடையாது. ஆயுத பூஜையன்று மிசினுக்குச் சந்தனம் வைத்துவிட்டு அவரே சொல்லுவார். நாங்கள் தலையாட்டுவோம்.

அதே நினைப்போடுதான் போலந்துக்குப் போனேன். ஹெல்பர் வேலை, மணிக்கு முப்பத்தொரு ஸ்லோட்டி. ஒரு ஸ்லோட்டி நம் காசில் இருபத்துச் சொச்சம் ரூபாய். மூன்று பேர் தங்கும் அறையில் என் பங்கு எண்ணூறு. நாமே பொங்கித் தின்றால் சாப்பாடு எழுநூறு. அங்கே ஒரு தடவை முடி வெட்டுகிற காசில் மதுரையில் ஒரு வருஷம் வெட்டிக்கொள்ளலாம், அதனால் நானே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொண்டேன். இரண்டாம் வருஷம் ஷிப்ட் மேஸ்திரி ஒரு பர்னஸை என் பொறுப்பில் விட்டார். சம்பளம் தன்னால் கூடும் என்று காத்திருந்தேன். கூடவில்லை. அனுப்பிய பணம் ஏஜென்டுக்காக வாங்கிய கடனுக்கும் வாடகைக்கும் மகளின் நர்சிங் பீஸுக்கும் சரியாகப் போனது. "இதுக்கு எதுக்கு அங்கன கெடக்கணும்? கான்ட்ராக்ட் முடியவும் வந்துருங்க. அவ படிப்ப நிப்பாட்டிக்கிருவோம்" என்றாள் என் மனைவி செல்வி. அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

பக்கத்து பர்னஸ் மாரெக்குடையது. ஆள் கதவு அகலம் இருப்பார். கேன்டீனில் தினமும் என் எதிரில் உட்காருவார். ஒரு வருஷமாக அவரிடம் "ஜென் தோப்ரே" என்ற வணக்கத்தைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. நான் கூச்சக்காரன். ஒருநாள் ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. மதுரைக்காரனுக்குத் தெரிந்த பேச்சைத்தான் ஆரம்பித்தேன். விரலைத் தேய்த்துக் காட்டி, "மாரெக், யூ, எம்புட்டு?" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து ஐம்பது ஸ்லோட்டி நோட்டை என் தட்டோரம் வைத்தார். சாப்பாட்டுக்குக் காசில்லை என்று நினைத்துவிட்டார்! பதறிப்போய் என் கேள்வியைப் போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து தமிழில் சொன்னேன். அது கணீரென்ற பெண்குரலில் போலிஷில் கேட்டது. கேன்டீன் முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. குளிக்கிற அறைக் கதவைத் திறந்துவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அங்கே அதைக் கேட்கவே கூடாதாம். அந்தக் கூச்சம் அன்றைக்கே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் உடை மாற்றும் அறையில் மாரெக் என் தோளைத் தட்டினார். கையில் அவருடைய சம்பளச் சீட்டு. மணிக்கு முப்பத்தேழு. என் சீட்டைக் காட்டச் சொல்லி ஓரிடத்தில் விரலை வைத்தார். "யூ, பர்னஸ். பேப்பர், ஹெல்பர்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மிசின் கைக்கு வந்து பதினாலு மாதம் ஆகியும் காகிதத்தில் நான் மூட்டை தூக்குகிறவன்தான். ஆறு ஸ்லோட்டி வித்தியாசம். பிடித்தம் போக மாசத்துக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன். அவனியாபுரத்தில் மாசமெல்லாம் நெருப்பில் நின்று வாங்கிய சம்பளம் கிட்டத்தட்ட முழுசாக வந்தது!

மாரெக் என்னைச் சூப்பர்வைசர் அம்மாவின் அறைக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். தனியாக ஓட்டினதற்கு என்ன அத்தாட்சி என்று அந்த அம்மா கேட்டார். மாரெக் போய் ஷிப்ட் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். ஆபரேட்டர் கட்டத்தில் தாளுக்குத் தாள் ‘மு’. முத்துக்கருப்பன் என்கிற எனக்கு, அஞ்சாம் வகுப்போடு நின்றதால், தமிழில் அந்த ஓரெழுத்துதான் கையெழுத்து. அந்த அம்மா எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். போன் அதைத் தமிழில் சொன்னது. "இந்தப் படம் நீங்களா? இந்தப் படம் உள்ள ஒரு லோடுகூடத் திரும்பி வந்ததில்லை. யார் இவர் என்று நெடுநாள் யோசித்தேன்." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஓர் அடி உயரம் கூடியது.

அடுத்த மாதமே ஆபரேட்டர் என்று காகிதம் வந்தது. முப்பத்தேழு ஸ்லோட்டி, கூடவே இரண்டு வருஷக் கான்ட்ராக்ட். செல்வியிடம் போனில் கத்தினேன். "நெசமாவா!" என்று அவளும் கத்தினாள். அப்புறம் குரல் இறங்கிப்போய், "அப்ப இன்னும் ரெண்டு வருசமா?" என்றாள்.

இதெல்லாம் மனசில் ஓட, ஆட்டோவில் பதில் சொல்லாமலே உட்கார்ந்திருந்தேன். அப்போது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. தொட்டதும் மாரெக்கின் கனத்த குரல் ஆட்டோ முழுக்கக் கேட்டது. "முத்து! எம்புட்டு?" இப்போதெல்லாம் அவருக்கு வணக்கமே அதுதான். புதிதாகச் சேருகிறவர்களிடமும் கேன்டீனில் அதைத்தான் கேட்கிறார்கள், அவர்களும் சொல்கிறார்கள்.

"அடப்பாவி, வெள்ளக்காரனும் அதைத்தானய்யா கேக்குறான்!" என்றார் பூக்கார அம்மா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒங்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு எம்புட்டு நிக்கும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, போனில் மைக்கை அமுக்கிப் பிடித்தேன். "டீசல் போக எண்ணூறுண்ணே" என்றார் டிரைவர். "முகூர்த்தம்னா ஆயிரம், மழைன்னா பூவோட நானும் நனையணும்" என்றார் அந்த அம்மா. மற்றவர்களும் போட்டி போட்டுச் சொன்னார்கள். அத்தனையையும் அப்படியே மாரெக்குக்கு அனுப்பினேன்.

இறங்கி நின்று ஒருதரம் போட்டுக் கேட்டேன். ஹாரன், கியர், சிரிப்பு, ஆளாளுக்கு அவரவர் வருமானம். என் குரல் மட்டும் அதில் இல்லை.