அவரைக்கொடியும் அரை டம்ளர் புழுவும்

இந்த வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். வாசலில் தொட்டியில் வைத்திருக்கும் செம்பருத்தியின் மொட்டெல்லாம் பச்சைப் பேனாக அப்பிக் கிடக்கிறதாம். "கெமிக்கல் வேணாங்க சார். நீங்கதான் சயின்ஸ் வாத்தியாராச்சே... இயற்கையா ஏதாச்சும் சொல்லுங்க" என்றார்.

"ஒரு நிமிசம் இருங்க" என்று போனை என் மனைவி செல்வியிடம் நீட்டிவிட்டேன். அவள் பத்து நிமிடம் பேசினாள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். யாரும் கேட்காத விஷயத்துக்கே கருத்துச் சொல்கிற ஆள், கேட்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை என்றால்? காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கக்கேடான காரணம்.

போன ஆடியில் ஆரம்பித்தது. பாப்பாரப்பட்டியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ரங்கம்மா அக்கா இருக்கிறார். வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் தெருவிலும் கன்னடம். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். தோட்டம் இருந்த இடமெல்லாம் ஜல்லியும் மணலும். ஒரு நாள் சாயங்காலம் துணி முடிச்சு ஒன்றோடு வந்தார். பிரித்தால், உள்ளே ஒன்பது அவரை விதை.

"ஓரமெல்லாம் ஊதாவா, நல்லா சதைப்பத்தா காய்க்குங்க சார். இந்த வருசம் எனக்குப் போட எடமில்லீங்க. இன்னொரு வருசம் வெச்சா மொளைக்காது. உங்க வூட்ல போட்டு, வெதையா திருப்பிக் குடுங்க. காயி பூரா நீங்களே சாப்பிடுங்க. வெதைக்கு மட்டும் நாலு கொத்து முத்த வுட்டுடுங்க."

"இந்த வெதை கடையில கெடைக்காதுங்களாக்கா?" என்று செல்வி கேட்டாள்.

"கெடைக்காதும்மா. இன்னும் ரெண்டு வூட்ல வெச்சிருந்தாங்க, அவங்களும் வுட்டுட்டாங்க. இப்ப இது மட்டுந்தான்."

அதாவது, அந்த ரகத்தில் மிச்சமே அந்த ஒன்பது விதைதான். இதைக் கேட்ட பிறகாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? "கவலைய வுடுங்கக்கா... நானாச்சு!" என்றேன்.

ஒன்பதில் மூன்றுதான் முளைத்தது. ஒன்றை நத்தை தின்றது. இன்னொன்றை எதிர்வீட்டு ஆடு. மிஞ்சிய ஒரே ஒரு கொடி பின்பக்கப் பந்தலில் ஏறி, கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. தெருவில் பார்க்கும்போதெல்லாம் ரங்கம்மா அக்கா, "எப்டி சார் இருக்குது?" என்பார். "சூப்பரா இருக்குதுங்க!" என்பேன். அப்போது அது உண்மை.

பிறகு நாலு நாள் மேகம் மூடிக்கொண்டு நின்றது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், கொழுந்திலும் பூங்காம்பிலும் மை பூசின மாதிரி அசுவினி. நம் ஊரில் பேன் என்பார்கள். சாற்றை உறிஞ்சும், கொழுந்து சுருளும், பூ கொட்டும். அது கழிக்கிற தித்திப்பைத் தின்ன எறும்பு வேறு வரிசை கட்டி ஏறும். இதையெல்லாம் வகுப்பில் நடத்துகிறவன் நான். எனக்கென்ன பதற்றம்?

முதல் வைத்தியம், சாம்பல். காலைப் பனி ஈரம் காய்வதற்குள் தூவினால் பேன் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கம் விறகு அடுப்பில் டீ போடுகிறவரிடம் ஒரு கவர் நிறையக் கேட்டு வாங்கினேன். "பாத்திரம் வெளக்குற வேலைய உங்களுக்கு வுட்டுட்டாங்களா சார்?" என்று விசாரித்தார்.

சாம்பல் தூவினால் இரண்டு மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். பொறுத்தேனா? மறுநாளே வேப்பெண்ணெய்! லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், அது கலக்கும் அளவுக்குத் துளி சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு தெளிக்க வேண்டும் — முறை இதுதான். கூடப் போட்டால் கூடக் கேட்கும் என்று நான் நாலு ஸ்பூன் ஊற்றினேன். சோப்புக்குப் பதில் பாத்திரம் கழுவும் லிக்விட், அதுவும் தாராளமாக. மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெளித்தேன். செவ்வாய்க்கிழமை பாதிக் கொடி கருகிவிட்டது. பேன் மட்டும் மீதிப் பாதிக்குக் குடிபோயிருந்தது.

அடுத்தது இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல். மிக்ஸியில் நான் அரைப்பதை எட்டிப் பார்த்த செல்வி, "ஏங்க, இதுல ரெண்டு கல்லு உப்பு போட்டா இட்லிக்காவது ஆகும். அந்தச் செடிய வுட்டுடுங்களேன்" என்றாள். விட்டேனா?

அந்த வாரமும் ரங்கம்மா அக்கா கேட்டார். "எப்டி சார் இருக்குது?"

"சூப்பரா இருக்குதுங்க!"

பொய். இந்த ஒரு கொடி போனால் அவரிடம் அந்த விதையே கிடையாது. அது தெரிந்துதான் சொன்னேன். தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் புழுக்களைப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, ஆங்காங்கே ஆரஞ்சுப் புள்ளி, முதுகெல்லாம் முள். குட்டி முதலை மாதிரி, சரியாகப் பேன் மொய்க்கிற கொத்துகளிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. பேன் பத்தாதென்று இது வேறயா? எனக்கு வந்ததே கோபம்! டம்ளரில் பாதிக்குச் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். கையால் பொறுக்குவதும் இயற்கை முறைதானே? இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதுகு விட்டுப்போயிற்று. ஒன்றையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ரங்கம்மா அக்கா பின்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "சூப்பரா இருக்குதுன்னு சொன்னீங்களே... ஒருவாட்டி கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார்.

ஸ்டூல் மேல் நிற்கிறவன் எங்கே ஓடுவது?

கொடியைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பார்த்தார். "ஏனு மாடிதிரி சார்!" என்றார். என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கன்னடம் வந்துவிட்டது.

"பொறிவண்டுக் குஞ்சுங்க சார் இதெல்லாம்! பேனைத் தின்ன வந்ததுங்க. காவலுக்கு வந்தவங்களையெல்லாம் கொன்னு போட்டீங்களே... இனிமே திருடன யாரு புடிப்பாங்க, நீங்களா?"

பொறிவண்டு! முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று கரும்பலகையில் வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். ஐந்து மார்க் கேள்வி. புழுவின் முதுகில் முள் போட மறந்த பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தவன் நான். அதே புழு முள்ளோடு நேரில் வந்து நின்றால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கருகின இலை ஒன்றைத் தடவிக்கொண்டே, "இதான் சூப்பருங்களா சார்?" என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு பெண் நம்பிக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டு, தினமும் சிரித்துக்கொண்டே பொய்யும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். பேன் அதிகம் மொய்த்த நுனிகளைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக் கட்டினார். விளக்கெண்ணெயில் நனைத்த துணியைப் பந்தல் காலிலும் கொடியின் அடியிலும் சுற்றினார், எறும்பு ஏறாமல் இருக்க. எறும்பு இருந்தால் பொறிவண்டை அண்ட விடாதாம். பிறகு ஓஸ் பைப்பைச் செல்வியிடம் கொடுத்து, "தெனம் காலையில இலைக்கு அடியில தண்ணிய மட்டும் பீச்சும்மா. வேற ஒண்ணும் வேணாம். சாரு பதினஞ்சு நாளைக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது" என்றார்.

அந்தப் பதினைந்து நாளும் நான் பட்ட பாடு இருக்கிறதே! சமையலறை ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்ப்பேன். கை அரிக்கும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இயற்கை முறை, இயற்கை முறை என்று நாம் மாற்றுவது பாட்டிலை மட்டும்தான். இன்றைக்கு அடித்தால் இன்றைக்கே சாக வேண்டும் என்கிற அவசரத்தை மாற்றுவதே இல்லை. இயற்கைக்கும் சொந்தமாக நாலு ஆள் இருக்கும், அவர்கள் வந்து சேரக் கொஞ்சம் நாள் கொடுப்போம் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

வந்து சேர்ந்தார்கள். மார்கழிப் பாதியில் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியுமாக ஏழெட்டுப் பொறிவண்டு. பேன் குறைந்தது. கருகாத பக்கத்தில் புதுக் கொழுந்து விட்டது. தை பிறக்கும்போது மூன்றே மூன்று கொத்துக் காய், ஓரமெல்லாம் ஊதாவாக.

பொங்கல் குழம்புக்கு ஒரு கை பறிக்கலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், ரங்கம்மா அக்கா மூன்று கொத்திலும் பழைய புடவைக் கிழிசலைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். தொடக்கூடாது என்று அடையாளம். பொங்கலுக்கு அவரைக்காய் சந்தையில்தான் வாங்கினோம்.

மாசிக் கடைசியில் நெற்றுகள் சலசலவென்று காய்ந்தன. எங்கள் பின்பக்கத்திலேயே உட்கார்ந்து அக்கா உரித்தார். முப்பத்து நாலு விதை. ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "ஒரே வூட்ல வெச்சா ஆபத்துங்க" என்று சரிபாதியாகப் பிரித்தார்.

ஒரு பங்கை எடுத்து நீட்டினார். நான் இரண்டு கையையும் ஏந்தினேன். அவர் கை என்னைத் தாண்டிச் செல்வியிடம் போயிற்று.

"சாரு கண்ணுல படாத எடமாப் பாத்து வெய்ம்மா."

அந்தப் பதினேழு விதை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எங்கே என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியாது.