நானும் தெரேஸக்காவும் ஒன்றாகப் படித்தோம்

தெரேஸக்கா இறந்த செய்தி எனக்கு பிரான்சிலிருந்துதான் வந்தது. அவர் இருந்த மருத்துவமனைக்கு என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிடம். ஆனால் சொந்தக்காரர் என்று அங்கே கொடுத்திருந்தது அவருடைய அண்ணன் மகன் ஜெரோமின் எண்ணை. நான் காலைக் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். பிரான்சில் அப்போது விடிந்திருக்காது.

"வசந்தி ஆண்ட்டி, அத்தை போயிட்டாங்க. இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து சொன்னாங்க. நீங்க பக்கத்துல இருக்கீங்களா?" என்றான்.

பக்கத்தில்தான் இருந்தேன். வெறும் காய்ச்சல் என்றுதான் சேர்த்திருந்தோம். முந்தின நாள் மாலைகூட, வேளா வேளைக்குக் கஞ்சிதான் தருகிறார்கள் என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் புதிய சிறுவர் நூல்களைப் பற்றிய பரிந்துரை மாதாமாதம் எங்கள் இருவர் பெயரும் போட்டு வரும். அந்த இரண்டு பெயர்களில் ஒன்று இனி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முத்தியால்பேட்டையில் நாங்கள் நடத்திய வாசிப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவந்தவர்களுக்கு அவரை நன்றாகவே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தெரேஸக்கா ஆசிரியர் அல்ல, நூலகரும் அல்ல. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டால், "டீச்சரெல்லாம் இல்ல, சும்மா படிக்கிறவ" என்பார்.

நாங்கள் அறிமுகமானது டவுனில் ஒரு புத்தகக் கடையில். சிறுவர் நூல்கள் இருந்த மூலையில், தரையில் உட்கார்ந்து ஒரு பெண்மணி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைப் பையன் மரியாதையாக, "பேரப் பசங்களுக்கா மேடம்?" என்று கேட்டான். "எனக்குத்தாம்பா. நீ பில்லு போடு" என்றார். நானும் அந்த மூலைக்கு எனக்காகத்தான் போயிருந்தேன். எனக்கும் பிள்ளை இல்லை. அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, கேட்பவர்களிடமெல்லாம் அக்கா பிள்ளைகளுக்கு என்று சொல்லி வந்தவள் நான். அன்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன புத்தகம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், தான் சிரித்த பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பிறகு ஒரு டியூஷன் சென்டர்க்காரர் ஞாயிறு காலைகளில் தன் கூடத்தைத் தந்தார். புதிதாக வந்த புத்தகங்களைப் பாய்மேல் பரப்பி வைப்போம். பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள், நாங்கள் அவற்றைப் பற்றிச் சொல்வோம். ஒருமுறை ஒரு அம்மா தன் மகனை முன்னால் தள்ளி, "ஏதாச்சும் நல்ல புக்கா குடுங்க மேடம்" என்றார். தெரேஸக்கா அம்மாவை விட்டுவிட்டு மகனிடம் குனிந்து, "கடைசியா எப்படா வயிறு வலிக்கச் சிரிச்ச?" என்று கேட்டார். அவன் ஏதோ ஒரு பூனைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அது முடிய நேரமானது. அவர் அவசரப்படவில்லை. வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொன்னார்: "நல்ல புக்குன்னு ஒண்ணு தனியா கெடையாது வசந்தி. யாருக்கு, எப்போன்னு கேட்டுக்கணும். அது தெரியாம குடுத்தா, கால் அளவு தெரியாம செருப்ப குடுக்கற மாதிரி."

யாருக்கு, எப்போ என்ற அவருடைய அந்தக் கேள்விக்கு ஒரு நாள் சோதனை வந்தது. பிள்ளைச்சாவடியிலிருந்து யாழினி என்று ஒரு பெண் வருவாள், எட்டாம் வகுப்பு. முந்தின வருடம் அவள் அப்பா விபத்தில் இறந்துபோனார். அந்தச் சமயத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கான நாவல் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் வரும் பெண்ணின் அப்பாவும் செத்துப்போகிறார். யாழினிக்கு அதைக் காட்டவே வேண்டாம் என்றேன் நான். தெரேஸக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு அப்பா செத்துப்போறாரு. மொதல்லயே சொல்லிட்டேன். படிக்கணும்னா படி. வேணாம்னா அப்படியே கொண்டாந்து வெச்சிடு. ஏன்னு கேக்க மாட்டேன்."

யாழினி வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அவள் அம்மாதான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா புக்கு குடுத்தீங்க எம் பொண்ணுக்கு? அவங்கப்பா போனதுலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல அது. இப்ப சோறு திங்காம அழுதுக்கினே கெடக்குது. கேட்டா புக்க காட்டுது. உங்களுக்கு வேற புக்கே கெடைக்கலயா?"

புத்தகத்தில் இருக்கும் நல்லதைச் சொல்லி வாதாடுவார் என்று நினைத்தேன். தெரேஸக்கா எழுந்து நின்று, "படிச்சப்ப அவளுக்குச் சரியா இருக்கும்னு பட்டுது. தப்பாவும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா" என்றார். அந்தம்மா திரும்பிப் போய்விட்டார். டியூஷன் சென்டர்க்காரருக்குப் பயம் வந்துவிட்டது. "இதெல்லாம் நமக்கு வேணாம் மேடம்" என்று கூடத்தைப் பூட்டிக்கொண்டார்.

அதன் பிறகு தெரேஸக்கா வீட்டு முன்னறையில் பாயை விரித்தோம். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. சில ஞாயிறுகளில் ஒருவருமே வரவில்லை. நாங்கள் இருவரும் பாய்க்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். "இனிமே சிரிக்கிற புக்கு மட்டும்தான் வசந்தி. அழுவுற புக்குக்கு எனக்குத் தைரியம் இல்ல" என்றார் ஒரு நாள். சொன்னபடியே, சில மாதங்கள் அவர் பரிந்துரைத்ததெல்லாம் வேடிக்கைக் கதைகள்தான். அந்த மாதங்களின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறன்று வாசலில் ஸ்கூட்டி நின்றது. யாழினி உள்ளே வந்து தெரேஸக்காவிடம் அந்த நாவலை நீட்டினாள். அட்டை நைந்திருந்தது.

"ஆண்ட்டி, இதுக்கு அடுத்தது வந்திருக்கா?"

"இல்லயேம்மா. இது இவ்ளோதான்."

"அப்ப அந்தப் பொண்ணு அப்புறம் என்னா ஆவா? அவங்கம்மா வேலைக்குப் போனாங்களா இல்லையா?"

"தெரியலயே. நீ என்ன நெனைக்கிற?"

இருவரும் பாயில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அவள் அம்மா ஸ்கூட்டியைவிட்டு இறங்கவில்லை, ஆனால் கிளம்பவும் இல்லை. நான் ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, "பேசட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவருடைய சொந்தமெல்லாம் பிரான்சில். அண்ணன் பேத்திகளுக்கென்று தமிழ்ப் படக்கதைகளை விடாமல் அனுப்பிவந்தார். ஒரு முறை அங்கே போய்த் திரும்பியவர், சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்குது வசந்தி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. படம் பாக்கவாவது பிரிச்சிருக்கலாம்." சொல்லிச் சிரித்தார். அடுத்த மாதமும் அனுப்பினார்.

என்னிடமும் அவர் 'இரு' என்று சொன்னதில்லை. நான் கிளம்பும்போது ஒரு புத்தகத்தைக் கையில் திணித்து, "முடிச்சதும் போன் பண்ணு" என்பார். நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். தனியாக இருப்பவர்கள் இன்னொருவருக்குப் போன் செய்ய ஏதாவது சாக்கு வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கதைகள் எங்களுக்குச் சாக்காக இருந்தன. யானை ஏன் பள்ளிக்கூடம் போனது என்று இரண்டு கிழவிகள் சண்டை போட்டுக்கொள்வோம். இப்போதும் படிக்கிறேன். முடித்ததும் கை போனுக்குப் போகிறது.

அடக்கத்துக்கு ஜெரோமால் வந்து சேர முடியவில்லை. கல்லறையில் நானும், எங்கள் தெருக்காரர்கள் சிலரும், பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேரும், தூரத்தில் யாழினியும் அவள் அம்மாவும் நின்றோம். சொந்தக்காரர் முதலில் மண் போட வேண்டும் என்று பங்குச் சாமியார் என்னைப் பார்த்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்மா?"

"ஒண்ணாப் படிச்சோம் சாமி" என்றேன்.

பள்ளித் தோழிகள் என்று எடுத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மண்ணை அள்ளிப் போட்டேன்.

அவர் வீட்டுப் புத்தகங்களை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னான் ஜெரோம். கேட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று எதையும் எடுத்து வைக்கவில்லை. நான் வைத்திருப்பது என் போனில் இருக்கும் ஒரு குரல் பதிவு. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அனுப்பியது. பின்னால் யாரோ நர்ஸைக் கூப்பிடுகிறார்கள், ஒரு தட்டு கீழே விழுகிறது. நடுவில் அவர் குரல், கொஞ்சம் மூச்சிரைத்தபடி: "வசந்தி, அந்தத் தீவு கதை பாதிதான் ஆச்சு. நீ முடிச்சிருப்ப, எனக்குத் தெரியும். முடிவ மட்டும் சொல்லிடாத."

முடித்துவிட்டேன் அக்கா. நன்றாகத்தான் முடிகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.